செவெரினுக்குப் போட்ட புள்ளிக்கோடு

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மேற்கு வேலியோரம் ஒரு சாம்பல் நிறக் கல் நிற்கிறது. அதில் ‘செவெரின்’ என்று மட்டும் வெட்டியிருக்கும். கீழே பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அப்புறம் வெற்றிடம். உயிரோடு இருக்கும்போதே கல் நட்டு வைப்பது ஒல்ஷான்காவில் புதிதில்லை. பாதி ஊர் அப்படித்தான் தன் பெயரைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. ஆனால் குடும்பப் பெயர் இல்லாமல் யாரும் கல் நட்டதில்லை.

அந்தக் கல் வந்த நாளிலிருந்து என் கணவர் பெரிய வாசல் வழியாக உள்ளே போவதில்லை. பின்பக்கம் வாடின பூக்களைக் கொட்டுகிற குழிக்கு அருகே ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அது வழியாகத் திருடன் மாதிரி நுழைந்து, அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவார். எழுபதைத் தாண்டின மனுஷன், ஒரு கல்லுக்குப் பயந்துகொண்டு சுற்றுவழி போவதைப் பார்த்தால் சிரிப்பு வரவேண்டும். எனக்கு வரவில்லை.

அவர் பெயர் ஹியரோனிம் காவ்லிக். ஊருக்கு ஹீரெக். பால் கூட்டுறவுச் சங்கத்தில் டேங்கர் ஓட்டினவர். ஒல்ஷான்காவிலிருந்து லிப்னிக் வரைக்கும் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரி பாலில் தண்ணீர் ஊற்றுவாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோழிக்கூண்டை அங்கேயும் இங்கேயுமாக மாற்றி மாற்றி வைத்தார்.

“கோழிங்களுக்கே எந்த வீட்டுக்குப் போறதுன்னு தெரியலை, ஹீரெக். தயவு செஞ்சு எங்கயாவது வேலைக்குப் போ” என்றேன்.

கடவுள் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டார். அந்த வாரமே சிகாகோவிலிருந்து லொரெய்ன் என்ற ஒரு பெண்மணி எங்கள் பங்குக் கோவிலுக்கு எழுதிக் கேட்டிருந்தாள். தன் கொள்ளுப்பாட்டி ரொசாலியா இந்த ஊரிலிருந்துதான் கப்பலேறினாளாம், அவளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று. பங்குத்தந்தையின் பெயர் வித், இளைஞர். அவருக்கு மூன்று கிராமத்துப் பூசை, பள்ளிக்கூட வகுப்பு, ஒழுகுகிற கூரை. பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைத் தூக்கி என் கணவர் முன்னால் வைத்துவிட்டார்.

“ஊர்ல உள்ள எல்லா வீடும் உங்களுக்குத் தெரியும். செத்தவங்க வீட்டையும் தெரிஞ்சுக்கோங்க” என்றாராம்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பங்கு அலுவலகத்து மூலையில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படிப்பார். லத்தீனில் தேவையான வார்த்தைகளை ஃபாதர் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். பிறந்தான், இறந்தாள், விதவை, முறையான பிள்ளை, காலரா. அந்தச் சில வார்த்தைகளுக்குள் ஒரு ஊரே அடங்கியிருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சூப்பைக் குடித்துக்கொண்டே, நேற்று நடந்த வம்பு மாதிரி சொல்வார்.

“ரொசாலியாவோட ஆறாவது கொழந்தைக்கு ஞானத்தாய் யாரு தெரியுமா? மில்லுக்காரன் பொண்டாட்டி. அப்ப சண்டை தீந்துடுச்சு.”

“என்ன சண்டை?”

“மூணாவது கொழந்தைக்கும் நாலாவதுக்கும் அவளைக் கூப்பிடவே இல்லையே. பக்கத்து வீடு. கூப்பிடாம இருப்பாங்களா?”

ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்த ஞானப்பெற்றோராக யார் வந்தார்கள் என்பதைப் பார்த்தே யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சுவார்த்தை இருந்தது, எப்போது நின்றது, எப்போது மறுபடி ஒட்டிக்கொண்டார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். அதில் அவர் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். ரொசாலியாவின் புருஷன், முதல் மனைவி செத்து ஏழு வாரத்திலேயே அவளைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்த நாளன்று, அந்த ஆளைக் கண்டபடி திட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் வந்து தலையைச் சொறிந்தார்.

“திட்டினதெல்லாம் வாபஸ். மொதப் பொண்டாட்டி பிரசவத்துல செத்திருக்கா. கைக்கொழந்தை இருக்கு. பால் குடுக்க ஒரு பொம்பளை வேணும். ரொசாலியாவுக்கும் அப்பதான் கொழந்தை பொறந்து செத்திருக்கு. பாவம் ரெண்டு பேரும்.”

அப்படி நூற்று ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஆளுக்காகக்கூட நின்று யோசிக்கத் தெரிந்தவர்தான். பிறகு நடந்ததை நினைத்தால் அதுதான் எனக்கு ஆறவில்லை.

செவெரினைப் பற்றிச் சொல்ல வேண்டும், எங்கள் வாயில் செவெக். செவெரினும் காவ்லிக்தான். ஹீரெக்கின் தாத்தா யூசெஃப், செவெரினின் தாத்தா கயெதான். இருவரும் பதினேழாம் எண் வீட்டு வலென்தி காவ்லிக்கின் பிள்ளைகள். அப்படித்தான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. ஹீரெக்கும் செவெரினும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கினவர்கள். செவெரின் கூரை போடுகிறவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு அவர்தான் மாப்பிள்ளைத் தோழன். எங்கள் மகள் கிங்காவுக்கு ஞானத்தகப்பன். பெரும்பனி பெய்த வருஷம் டேங்கர் பள்ளத்தில் சரிந்தபோது, வண்டிக்குள் உறைந்துகொண்டிருந்த என் கணவரைக் குதிரை கட்டி இழுத்து மீட்டவரும் அவர்தான். ஞாயிறு பூசை முடிந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வருவார், உட்காருவார், சாப்பாட்டைக் குறை சொல்வார்.

“ஸ்டெஃபா, இந்த நூடுல்ஸை வெச்சுத் தகரத்துக்கு ஆணி அடிக்கலாம்.”

“அடிச்சுட்டு மிச்சத்தைத் தின்னு” என்பேன். இரண்டு தட்டு தின்பார்.

போன வருஷம் கோடையில் காவ்லிக் குடும்பம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிச் சாப்பாடு போடுவது என்று ஹீரெக் முடிவெடுத்தார். அதற்காக ஒரு பெரிய வம்சப் படம். எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டி மிஞ்சின காகிதச் சுருளின் பின்பக்கத்தில், தரையில் மண்டியிட்டு வரைந்தார். வலென்தி உச்சியில், கடைசியாகப் பிறந்த குழந்தை அடியில். எல்லாப் பெயருக்கும் கறுப்பு மையில் நேர்க்கோடு. கயெதானுக்கு மட்டும் புள்ளிக்கோடு.

முந்தின நாள் சாயங்காலம் நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன்.

“இது என்ன, மை தீந்துடுச்சா?”

“இல்லை. கயெதான் ரெண்டு வயசுலயே செத்துட்டான். 1873, காலரா. புஸ்தகத்துல தெளிவா இருக்கு.”

“செத்தவன் எப்படிக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் புள்ளை பெத்தான்?”

“அதான் விஷயம். செத்த கொழந்தையோட பேரை அடுத்ததுக்கு வைக்கிறது வழக்கம்தானே, அப்படி இருக்குமோன்னு அதுக்கப்புறம் பத்து வருஷப் புஸ்தகத்தையும் பொரட்டினேன். இன்னொரு கயெதான் பொறக்கவே இல்லை. காலராவுல அப்பன் ஆத்தா செத்துப்போன ஏதோ ஒரு கொழந்தையை எடுத்து வளத்திருக்காங்க. செத்த புள்ளை பேரையே வெச்சிருக்காங்க.” அவர் கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு. பரிசு வாங்கின பையன் மாதிரி இருந்தார்.

“செவெக்கிட்ட சொல்லிட்டியா?”

“நாளைக்குப் படத்துலயே பாப்பான். சுவாரசியமா இருக்கும்ல?”

“அவன் பேருக்குப் புள்ளி போட்டு வெச்சிருக்க. இதுல என்ன சுவாரசியம்?”

“ஆதாரம் இருந்தா கோடு, இல்லைன்னா புள்ளி. எல்லாருக்கும் ஒரே சட்டம், ஸ்டெஃபா. சிகாகோக்காரிக்கும் அப்படித்தான் போட்டேன்.”

“சிகாகோக்காரி ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல சாப்பிடறதில்லை.”

அவர் அளவுகோலைத் துடைத்தார். நானும் அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவில்லை. ஊர்ப்பட்ட பேருக்குச் சமைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் படத்தை வைக்கோல் கொட்டகைக் கதவில் குத்தி வைத்தார். எல்லோரும் குழந்தைகள் மாதிரி அவரவர் பெயரை விரலால் தேடினார்கள். செவெரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். விரல் அவர் பெயரில் தொடங்கி, அவர் அப்பாவுக்கு ஏறி, கயெதானுக்கு ஏறி, அங்கேயே நின்றது.

“இந்த எடத்துல மட்டும் மழை பெஞ்சுதா, ஹீரெக்? கோடு சொட்டுச் சொட்டா நிக்குது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹீரெக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேராசிரியர் மாதிரி விளக்க ஆரம்பித்தார். காலரா, இரண்டு வயது, பத்து வருஷப் புத்தகம், அநாதைக் குழந்தை. அவர் பேசப் பேசச் சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. அவருக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

“அப்ப செவெக் மாமா நம்ம ரத்தம் இல்லையா?” என்று கேட்டாள் ஷானெத்தா. ஹீரெக்கின் அண்ணன் மகன் ராதெக்குக்கு வாழ்க்கைப்பட்டவள்.

“ஆவணப்படி இல்லை” என்றார் ஹீரெக்.

“அப்ப குடும்பக் கல்லறையில ரெண்டு எடமும் காலிதான்.”

ஷானெத்தா கெட்டவள் இல்லை. அவள் மாமனார் அப்போது ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார், அவள் தலைக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, வாய் தவறி விழுந்துவிட்டது. ஆனால் அங்கே மிச்சமிருந்த அந்த இரண்டு இடத்தில் ஒன்று செவெரினுக்கு என்று ஒதுக்கினது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கேதான் கிடக்கிறார்கள். அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லாத வருஷம் கிடையாது. எல்லோரும் ஹீரெக்கைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தார். பிறகு படத்தின் பக்கம் திரும்பி, நன்றாகவே குத்தியிருந்த ஒரு குண்டூசியை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

செவெரின் தன் சூப்பை முழுவதும் குடித்தார். தட்டைக் குழாயடியில் கழுவி வைத்தார். என்னிடம் வந்தார்.

“சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு, ஸ்டெஃபா.”

இத்தனை வருஷத்தில் அவர் என் சமையலைப் பாராட்டியது அது ஒருமுறைதான்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோபம் ஆறட்டும் என்றார் ஹீரெக். அக்டோபரில் கல் வந்தது. குடும்பப் பெயரை விட்டுவிட்டீர்களே என்று ஃபாதர் வித் கேட்டதற்கு, “ஆவணம் இல்லாத பேரைக் கல்லுல வெட்டினா ஹீரெக் கோச்சுப்பான் ஃபாதர்” என்றாராம் செவெரின்.

சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில். செவந்திப் பூ, கண்ணாடி விளக்கு, புதுக் கோட்டு, யார் எந்தக் கல்லைப் பளபளப்பாகத் துடைத்தார்கள் என்ற நோட்டம். காவ்லிக் கும்பல் மொத்தமும் குடும்பக் கல்லறையைச் சுற்றி நின்றோம். செவெரின் வந்தார். எங்களுக்கு நடுவில் வரவில்லை. அம்மா தலைமாட்டுக்கு நேராக, கல் கட்டினதற்கு வெளியே, புல்லில் ஒரு விளக்கை வைத்தார். அயலார் வைக்கிற இடம் அது. “செவெக்” என்று கூப்பிட்டார் ஹீரெக். செவெரின் தொப்பியைக் கொஞ்சம் தூக்கினார், ரோட்டில் எதிர்ப்படுகிற யாருக்கும் தூக்குவது மாதிரி. பிறகு மேற்கு வேலிப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஹீரெக்குக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வம்சப் படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“ஃபாதர் என்ன சொன்னார்?”

“இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க, அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்கன்னார்.”

“போக வேண்டியதுதானே.”

“போய் என்னன்னு சொல்றது? தப்பாப் படிக்கலையே. புஸ்தகத்துல உள்ளதைத்தானே சொன்னேன்.”

“அப்ப எதுக்குப் பின்வாசல் வழியா போயிட்டு வர?”

அவர் எழுந்து கோழிக்கூண்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நவம்பர் நடுவில் லொரெய்ன் மறுபடி எழுதினாள். ரொசாலியாவின் அம்மா லிப்னிக்காரி என்று தெரிந்ததால், அந்தப் பக்கத்தையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். வீட்டில் இருப்பதற்கு அது மேல் என்று ஹீரெக் லிப்னிக் கோவிலுக்குப் போனார். இருட்டுவதற்குள் வண்டி முற்றத்துக்கு வந்த சத்தம் கேட்டது, ஆள் உள்ளே வரவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். என்ஜினை அணைத்துவிட்டு, கையைச் சக்கரத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எறங்கலையா?”

“கயெதான் பொறந்திருக்கான், ஸ்டெஃபா.”

“எந்தக் கயெதான்?”

“ரெண்டாவது கயெதான். 1875, மார்ச் மாசம். லிப்னிக் புஸ்தகத்துல இருக்கு. அப்பன் வலென்தி, அம்மா மரியான்னா, வீடு ஒல்ஷான்கா பதினேழு. எல்லாம் அப்பட்டமா இருக்கு.”

“ஒல்ஷான்கா கொழந்தைக்கு எதுக்கு லிப்னிக்ல ஞானஸ்நானம்?”

“ஞானப்பெற்றோர் யாருன்னு கேளு. ஒருத்தர் மாச்சேய், பிச்சைக்காரர். இன்னொருத்தி அக்னியெஷ்கா, சல்லடை விக்கிறவனோட பொண்டாட்டி, எங்கயோ வெளியூர்.”

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் புரியும். ஒரு வீட்டில் குழந்தைகள் வரிசையாகச் செத்தால், அடுத்ததற்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிட மாட்டார்கள். அப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவான். முதலில் எதிர்ப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள்தான் ஞானப்பெற்றோர். அவர்கள் மறுக்கவும் கூடாது, மறுத்தால் பாவம். அப்படிச் செய்தால் சாவு அந்தக் குழந்தையை விட்டுவிடும் என்று நம்பிக்கை. வலென்திக்கு எதிர்ப்பட்டவர்கள் லிப்னிக் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் போலிருக்கிறது. அவர்களோடேயே நடந்து போய் அந்தக் கோவிலிலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறான்.

“உங்க அம்மாவோட கடைசித் தம்பிக்கும் இப்படித்தானே ரோட்டு ஞானத்தகப்பன்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“தெரியும். எல்லாம் தெரியும்.” சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். “காலராவுல அந்த வீட்ல மூணு கொழந்தை செத்ததை என் கையாலதான் எழுதி வெச்சேன். வலென்தி எடத்துல ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா, அடுத்த கொழந்தையைத் தூக்கிட்டு ரோட்டுக்குத்தான் ஓடியிருப்பான்னு தெரிஞ்சிருக்கும். யாரோ ரொசாலியாவுக்காக நின்னு யோசிச்சேன். செவெக்குக்காக யோசிக்கலை. யோசிச்சா கதை கெட்டுப்போயிடும்னு இருந்துச்சு எனக்கு. அவ்வளவு நல்ல கதை.”

அவர் அழுவதை என் மாமியார் சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லிப்னிக் ஃபாதரிடம் முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு மறுவாரம் செவெரின் வீட்டுக்குப் போனோம். போனோம் என்றால், என்னை இழுத்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்கப் பெண்டாட்டி துணைக்கு வர வேண்டியிருந்தது. செவெரின் பட்டறையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஹீரெக் ஒவ்வொரு வரியாக விளக்க விளக்கக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப நான் காவ்லிக்” என்றார்.

“ஆமாண்டா. சந்தேகமே இல்லை. கோட்டை நேரா போட்டுட்டேன். எல்லாருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். ஷானெத்தாகிட்டயும் சொல்றேன். எல்லாம் என் தப்புதான்.”

செவெரின் நகலை மடித்தார். “இந்தப் புஸ்தகம் எரிஞ்சு போயிருந்தா?”

“என்ன?”

“லிப்னிக் கோவில்ல சண்டைக் காலத்துல குண்டு விழுந்துச்சுல்ல. பாதி கோவில் எரிஞ்சுதே. இதுவும் எரிஞ்சிருந்தா, இன்னைக்கு நீ என் வாசலுக்கு வந்திருப்பியா, ஹீரெக்?”

வந்திருப்பேன் என்று சொல்லு என்று நான் மனசுக்குள் கத்தினேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லித் தொலை. என் கணவர் தரையில் கிடந்த மரச்சீவலைக் காலால் ஒதுக்கினார்.

“தெரியலை” என்றார்.

பலகையை எடுத்து மண்டையில் ஒன்று போடலாம் போல வந்தது. ஆனால் செவெரின் தலையை ஆட்டினார், அந்தப் பதில்தான் வரும் என்று எதிர்பார்த்தவர் மாதிரி.

“இந்த மாச்சேய்க்கு என் தாத்தாவை முன்ன பின்ன தெரியுமா?”

“தெரியாது. வழியில போனவர்.”

“யார் கொழந்தைன்னு கேட்டிருப்பாரா?”

“கேட்டிருக்க மாட்டார்.”

“கிங்கா பொறந்தப்ப நீ இதே எடத்துல வந்து நின்னு, ஞானத்தகப்பனா இருடான்னு கேட்ட. நானும் எதுவும் கேக்கலை.” நகலை ஹீரெக்கின் சட்டைப் பையில் அவரே வைத்தார். “இதைப் பத்திரமா வெச்சுக்கோ. உனக்குத்தான் இது தேவைப்படுது.”

நான் குறுக்கிட்டேன். “செவெக், அந்தக் கல்லை எடுத்துடலாம். உன் அம்மா பக்கத்துல உன் எடம் அப்படியே இருக்கு. யாரும் தொட மாட்டாங்க.”

“கல்லுக்குப் பணம் குடுத்தாச்சு, ஸ்டெஃபா. கல்லுக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான்.”

“சரி, கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்காவது வா. கிங்கா நார்வேலேருந்து வர்றா.”

“பாக்கலாம்” என்றார்.

அடுத்த சில வாரம் ஹீரெக் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். நான் தப்புப் பண்ணிட்டேன், செவெக் நம்ம ஆளு என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஷானெத்தா அழுதாள், கேக் செய்துகொண்டு போய் செவெரின் வாசலில் நின்றாள், அவர் கேக்கை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அலமாரி மேலிருந்து படத்தை இறக்கிப் பார்த்தேன். புள்ளிகளின் மேலேயே நேர்க்கோடு இழுத்திருந்தார். மற்ற எல்லாக் கோட்டையும்விட அது தடிமனாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். திரும்பச் சுருட்டி வைத்துவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். தொழுவத்தில் பிறந்தவர் நினைவாக மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பி, தட்டுகளை வைத்தேன். ஹீரெக்கின் வலது பக்கம் செவெரினுக்கு, வழக்கம்போல. கதவோரம் மேஜைக் கடைசியில் யாருக்கும் இல்லாத ஒரு தட்டு. வழியில் போகிறவன் யாராவது கதவைத் தட்டினால் அவனுக்கு. எல்லா வீட்டிலும் வைப்பார்கள். எங்கள் வீட்டில் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

முதல் நட்சத்திரம் தெரிகிறது, சாப்பிட உட்காரலாம் என்று கிங்கா ஜன்னலிலிருந்து சொன்னாள். அப்போது கதவு தட்டுகிற சத்தம். செவெரின் எங்கள் கதவைத் தட்டினதே கிடையாது, நேராக அடுப்படிக்கு வந்து நிற்பவர். ஹீரெக் ஓடிப்போய்த் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, கையில் ஒரு தேன் பாட்டில், விருந்துக்குப் போகிறவர்கள் கொண்டுவருவது மாதிரி. ஹீரெக்குக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. தன் வலது பக்கத்து நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செவெரின் அந்த நாற்காலிக்கு வரவில்லை. கதவோரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கிங்கா எழுந்தாள். “மாமா, உங்க எடம் இங்க இருக்கு.”

“இருக்கட்டும்மா. இது யாரா இருந்தாலும் உக்காரலாம்னு வெச்ச எடம்தானே. யாரும் கோடு போட்டுப் பாக்க மாட்டாங்க.”

ஹீரெக் கோவிலிலிருந்து வந்த மெல்லிய அப்பத்தை எடுத்துக்கொண்டார். மேஜை நீளம் முழுக்க நடந்து அவர் முன்னால் போய் நின்றார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர் அப்பத்தை ஒருவர் பிட்டு வாழ்த்துச் சொல்ல வேண்டிய நேரம் அது. அவர் வாழ்த்தவில்லை.

“செவெக், புஸ்தகத்தை நான் முழுசாப் பாக்கலை. அது ஒரு தப்பு. அன்னைக்கு ஷானெத்தா அப்படிச் சொன்னப்ப, அவன் எங்க ஆளு, வாயை மூடுன்னு நான் சொல்லியிருக்கணும். ஆவணம் இருந்தாலும் இல்லைன்னாலும் சொல்லியிருக்கணும். சொல்லலை. அதை நெனைச்சா எனக்குத் தூக்கம் வரலை. என்ன செஞ்சா சரியாகும்னு தெரியலை.”

செவெரின் அவர் கையிலிருந்த அப்பத்தில் ஒரு சின்னத் துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

“வீட்டுக்காரருக்கு நல்ல ஆரோக்கியம் கெடைக்கட்டும்” என்றார்.

பிறந்ததிலிருந்து டேய் என்றும் ஹீரெக் என்றும் கூப்பிட்டவர். ஹீரெக் அப்பத்தைப் பிடித்தபடியே நின்றார், காதில் விழாதவர் மாதிரி. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் சூப் ஆறிக்கொண்டிருந்தது. விருந்தாளிக்குத்தான் முதலில் ஊற்ற வேண்டும். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் செவெரினுக்கு முதலில் ஊற்றினேன்.

நான் திரும்பும்போது ஹீரெக் தன் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கதவோரம் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. அடுப்படி முக்காலியை இழுத்துப் போட்டு, பாதி உடம்பு கதவில் இடிக்க, செவெரின் பக்கத்தில் உட்கார்ந்தார். செவெரின் வேண்டாம் என்று சொல்லவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கவும் இல்லை.